என் ரஷ்யத் தொகுதியும் கரமனைத் தெருக்களும்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அந்தக் கோபம் இல்லாவிட்டால் எனக்கு டாக்டர் பட்டமே கிடைத்திருக்காது என்பதும் உண்மை. ஆகையால் கோபக்காரர்களைப் பற்றி யாராவது என்னிடம் குறை சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான் அரசாங்க குமாஸ்தா. வீடு திருவனந்தபுரத்துக் கரமனையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் இங்கிலீஷ். ரஷ்யமொழி நாலாவதாக வந்து ஒட்டிக்கொண்டது. கல்லூரி முடித்த கையோடு கம்ப்யூட்டர் வகுப்பில் சேரப் போனேன். இடமில்லை என்றார்கள். அடுத்த கட்டடத்தில் சாயங்கால ரஷ்ய வகுப்புக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அதில் சேர்ந்தேன். லட்சியம், கனவு என்றெல்லாம் இதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது.

நாற்பதை நெருங்கும்போது பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். என் கைடு, அரசியல் துறையில் ஒரு டீச்சர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "எல்லாரும் கேரளத் தேர்தலைத் தூக்கிண்டு வர்றா. உனக்குத்தான் ரஷ்யன் அறியுமே, அங்கே ஒரு தொகுதியை எடு." டீச்சர் மலையாளி, கரமனைக்காரர்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். சரி என்று ஒரு ரஷ்ய நகரத்தின் நாடாளுமன்றத் தொகுதியை எடுத்தேன். அதை ஏன் எடுத்தேன் என்று பிற்காலத்தில் பலபேர் மரியாதையாகக் கேட்டார்கள். சோம்பல்தான் காரணம். நகரம் ஒன்று, நதி ஒன்று, தொகுதி ஒன்று. ஜெயித்தவர்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கியது. இரண்டு தேர்தல்களில் அந்தத் தொகுதியே கிடையாது. வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அது என்ன தொகுதி இல்லாத தேர்தல் என்று கேட்பீர்கள். சோவியத் போனபிறகு அவர்களுடைய கீழ்ச்சபையில் பாதி இடங்களுக்குத் தொகுதிவாரியாக ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதிப் பாதியைக் கட்சிகளுக்கு விழுந்த மொத்த ஓட்டைப் பார்த்துப் பங்கிட்டார்கள். நாலு தேர்தல் இப்படிப் போனது. பிறகு தொகுதிகளையே எடுத்துவிட்டு, எல்லாம் கட்சிப் பட்டியல்தான் என்றார்கள். இரண்டு தேர்தல் கழித்துத் திரும்பவும் பாதிக்குப் பாதி. பத்து வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்த என் தொகுதி, பழைய பெயரோடு, புது நம்பரோடு வந்து நின்றது.

எனக்கு அந்தத் தொகுதியில் மிகவும் பிடித்தது அவர்களுடைய பழைய ஓட்டுச்சீட்டு. வேட்பாளர்களின் பெயர்களுக்கெல்லாம் கீழே 'எல்லாருக்கும் எதிராக' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊர் நோட்டாவைப் போல வாயில்லாப் பூச்சி இல்லை அது. முன்னால் நிற்பவனைவிட அந்தக் கட்டத்துக்கு ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்தால் தேர்தலே செல்லாது, முதலிலிருந்து நடத்தவேண்டும். ஓட்டுச்சீட்டில் கோபத்துக்கென்று ஒரு கட்டம் வைத்த ஜனங்கள்மேல் எனக்கு உடனே ஒட்டுதல் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தை அவர்கள் பிறகு நீக்கிவிட்டார்கள் என்று படித்த அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கணவருக்கு மெடிக்கல் ஷாப். சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார். "என்னடி, உன் ரஷ்யாவில இன்னிக்கு ஆராக்கும் ஜெயிச்சது?"

"உங்களுக்கு எதிரா நின்னவராக்கும்" என்பேன்.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. ஆபீஸ், அடுப்படி, ஆய்வு. இரண்டுதடவை கால நீட்டிப்பு வாங்கினேன். கடைசியில் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தேன். மொத்தக் கட்டுரையும் ஒரே முடிவின்மேல் நின்றது: தொகுதி இருந்த காலத்தில் யாருக்கும் அடங்காமல் ஓட்டுப் போட்ட அந்த நகரம், தொகுதி திரும்பி வந்தபோது மனம் மாறி ஆளும் கட்சிக்கு அடங்கிவிட்டது. எழுதும்போதே எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஜெயித்தவர்களின் பட்டியல் அப்படித்தானே சொல்கிறது?

நாலு மாதம் கழித்து கட்டுரையை மதிப்பிட்ட எக்ஸாமினரின் அறிக்கை டெல்லியிலிருந்து வந்தது. டீச்சர் போனில் அதை எனக்குப் படித்துக் காட்டினார். "ஆய்வாளர், ஒரே பெயருள்ள இரண்டு வெவ்வேறு தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். முதலாவது நகரம் மட்டும். இரண்டாவது அதே நகரத்தின் ஒரு துண்டும் சுற்றியுள்ள கிராமங்களும். ஆகவே இது எந்தத் தொகுதியின் வரலாறும் அல்ல." ஆறு மாதத்தில் திருத்தித் தரவேண்டும். மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. தரமுடியாவிட்டால் பதிவு ரத்து, எட்டு வருஷ உழைப்பும் வீண்.

போனை வைத்துவிட்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. புதுத் தொகுதிகளை வரையும்போது நகரத்தை நாலாகக் கீறி, ஒவ்வொரு கீற்றோடும் ஒரு பெரிய கிராமப்புறத்தைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரு கீற்றுக்கு மட்டும் பழைய பெயரை வைத்திருந்தார்கள். நான் பெயரைப் பார்த்தேனே தவிரக் கோட்டைப் பார்க்கவில்லை.

இந்தத் தப்பை ஒரு டெல்லிக்காரன் செய்யமாட்டான். கரமனைக்காரி செய்வாள். எங்கள் ஊரில் வார்டு எல்லையை எத்தனை தடவை மாற்றி வரைந்தாலும் நாங்கள் கரமனைதான். எங்கள் தெருவின் ஒரு வரிசை எப்போதோ பக்கத்து வார்டுக்குப் போய்விட்டது. அந்த வரிசையில் இருப்பவரைக் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரமனை என்றுதான் சொல்வார். பெயர் இருந்தால் இடம் இருக்கிறது என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதே கண்ணோடு ரஷ்யாவையும் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

அவமானமாக இருந்தது. அழுதேன். அழுகை தீர்ந்ததும் அந்த எக்ஸாமினர்மேல் கோபம் வந்தது. சரியாகச் சொன்னவர்மேல் கோபப்படுவது அநியாயம் என்று தெரிந்தும் நன்றாகக் கோபப்பட்டேன். கணவர் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "வெஷமிக்காதே, வருத்தப்படாதே. இத்தனை நாள் பண்ணினது போறாதா? விட்டுடு, கேட்டியா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது.

போதாதற்கு வோட்டர் பட்டியல் திருத்தும் வேலையும் அந்தச் சமயத்தில் தலையில் வந்து விழுந்தது. நான் எங்கள் பகுதிக்கு, வார்டுக் கோட்டின் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும், பி.எல்.ஓ. அதாவது பூத் லெவல் ஆபீசர். பெயரில்தான் ஆபீசர். பட்டியலும் விண்ணப்ப ஃபாரங்களுமாக ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார், யார் குடிபோய்விட்டார், யார் செத்துப்போனார் என்று எழுதிக்கொண்டு வரும் வேலை. திருவனந்தபுரத்தில் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டி.சி. நம்பர், அதாவது கார்ப்பரேஷன் கொடுத்த வீட்டு நம்பர், உண்டு. எல்லையை மாற்றும்போதெல்லாம் அதுவும் மாறும். சில வீட்டு வாசலில் மூன்று நம்பர் பலகை தொங்கும், எதையும் கழற்றமாட்டார்கள். பட்டியலில் ஒரு நம்பர், ரேஷன் கார்டில் இன்னொன்று, கரண்ட் பில்லில் வேறொன்று. நானே எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு தெரு. இடதுபக்கம் சிவப்பு மையில் பழைய நம்பர், வலதுபக்கம் நீல மையில் புது நம்பர். நடுவில் வீட்டை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று: கிணறு, மாமரம், குரைக்கும் நாய். இந்த நோட்டு இல்லாமல் நான் கிளம்பமாட்டேன்.

அப்படிப் போனபோதுதான் உப்பேரிக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டு முன்னறையிலேயே நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் போட்டு விற்கிறார். அவருடைய பெயரும் வீட்டுக்காரம்மாவின் பெயரும் பக்கத்து வார்டுப் பட்டியலில் இருந்தன. கையில் ஜல்லிக்கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"மேடம், இருவது வருசமாட்டு இங்கனதான் ஓட்டு போடுதோம். இப்பம் அங்கிட்டு போவச் சொன்னா என்ன அர்த்தம்? எங்க வீட்டை ஆரு தூக்கி அங்க வெச்சது?"

வெயில். காலையிலிருந்து நாற்பது வீட்டுப் படி ஏறியிருந்தேன். எனக்கும் சுர்ரென்று வந்தது.

"வீடு எங்கேயும் போகலை அண்ணாச்சி! கோடுதான் போச்சு! நீங்க நின்ன இடத்திலேதான் நிக்கறேள், உங்க ஓட்டும் அங்கேயேதான் இருக்கு!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அவர் பதிலுக்கு என்னவோ சத்தம் போட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னதே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீடு போகவில்லை, கோடுதான் போனது. அப்படியென்றால் அந்த ரஷ்ய நகரத்திலும் வீடுகள் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன? நான் ஏன் தொகுதியின் பெயரைப் பின்தொடர்ந்தேன்? வீட்டையல்லவா பின்தொடர்ந்திருக்கவேண்டும்!

"மேடத்துக்குத் தலை சுத்துதா?" என்று அண்ணாச்சி பயந்துபோய் ஒரு நாற்காலியைப் போட்டார். சூடாக ஒரு பிடி உப்பேரியும் கொடுத்தார். உட்கார்ந்து தின்றேன். அவ்வளவு ருசியாக எதையும் நான் தின்றதில்லை.

அன்று சாயங்காலமே ஒரு புது நோட்டு வாங்கினேன். ரஷ்யாவிலும் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் எந்த பூத்தில் எந்தத் தெரு, அதில் எந்த வீட்டு நம்பர்கள் என்று அந்தந்த ஊர்ப் பத்திரிகையில் போடுவது வழக்கம். அந்த நகரத்து நூலகம் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருந்தது. பூத்வாரியான ஓட்டுக் கணக்கு, தொகுதியை ஒழிப்பதற்கு முந்தைய தேர்தலிலிருந்து முழுசாகக் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு தெரு. இடதுபக்கம் சிவப்பில் பழைய பூத், வலதுபக்கம் நீலத்தில் புது பூத். நடுவில் அடையாளம்: பள்ளிக்கூடம், ரொட்டித் தொழிற்சாலை, டிராம் திரும்பும் இடம். நான் அந்த நகரத்துக்குப் போனதில்லை, போகவும் வழியில்லை. ஆனால் வீட்டு நம்பர்களைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது. அங்கேயும் ஒரு நம்பருக்குள் மூன்று உள்நம்பர், அதற்குள் ஒரு சாய்கோடு. கரமனையில் மேய்ந்த கண்ணுக்கு இதெல்லாம் பால்பாயசம்.

தினமும் விடிகாலையில் எழுந்து ஆபீஸ் போகும் நேரம்வரை நாலு தெரு. ஞாயிற்றுக்கிழமை பத்துத் தெரு. கணவர் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார். இரண்டாவது வாரம் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண்ணால், மங்கிப்போன ஸ்கேனில் நம்பர்களைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார். ரஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது அவருக்கு. "பதினேழு. சைடில ஒரு குட்டி ரெண்டு. பத்தொம்பது. இந்த எடத்துல ஆரோ சாயா கொட்டியிருக்கா." இப்படிப் போனது எங்கள் குடித்தனம்.

நாலாவது மாதத்தில் தெருக்கள் பேச ஆரம்பித்தன. என்ன சொல்லின தெரியுமா? அந்த நகரம் மனம் மாறவே இல்லை! தொகுதி இருந்தபோது எப்படி ஓட்டுப் போட்டார்களோ, பெரும்பாலான தெருக்கள் அதே முறைப்பிலேதான் தொகுதி திரும்பி வந்தபோதும் போட்டிருந்தன. அவர்களோடு சேர்த்துக் கட்டிய கிராமங்களின் ஓட்டு அவர்களை மூழ்கடித்துவிட்டது, அவ்வளவுதான். இன்னும் ஒன்று. தொகுதி இல்லாத அந்த இரண்டு தேர்தலிலும் ஜனங்கள் அதே பூத்துகளுக்குப் போய்க் கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்களே! அந்தக் கணக்கும் தெருவாரியாகக் கிடைத்தது. எல்லோரும் வெற்றிடம் என்று விட்டுவிட்ட அந்தப் பத்து வருஷத்துக்கு, தொகுதியே இல்லாத ஒரு தொகுதிக்கு, நான் வரலாறு எழுதிவிட்டேன். பழைய முடிவை ஒரே கோடாக அடித்தேன். அந்த ஜனங்கள் அடங்கிப்போனார்கள் என்று எழுதியதற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

திருத்திய கட்டுரையைக் கெடுவுக்குள் கொடுத்தேன். ஓப்பன் டிஃபென்ஸ் என்கிற வாய்மொழித் தேர்வு அன்று மழை. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பதால் ஆபீசிலிருந்தும் தெருவிலிருந்தும் கூட்டமாக வந்துவிட்டார்கள். உப்பேரிக்கடை அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, கடைசி வரிசையில் ஒரு பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். டெல்லி எக்ஸாமினர் ஒல்லியான மனிதர். ரஷ்யாவில் பல வருஷம் இருந்தவர் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தோற்றால் இனி எனக்கு வாசல் கிடையாது.

முதல் அரை மணி நான் பேசினேன். பிறகு அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். "தெருக்களைத் தொடர்ந்தேன் என்கிறீர்கள். தெருவில் குடியிருப்பவர்கள் மாறியிருப்பார்களே?"

"மாறியிருப்பார்கள், சார். புதுக் கட்டடங்கள் வந்த தெருக்களைத் தனியாகப் பிரித்துவிட்டேன். ஏழாவது அட்டவணை" என்றேன்.

"முதல் மூன்று தேர்தல்களுக்கு?"

"பூத்வாரிக் கணக்கு பாதிதான் கிடைத்தது. அதனால் அவற்றைப் பற்றி எந்த முடிவும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியும் என்று ஒருதடவை எழுதி உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்."

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, நான் விரித்து வைத்திருந்த பெரிய வரைபடத்தின் மேல் குனிந்தார். சிவப்பும் நீலமுமாகத் தெருத்தெருவாக நான் தீட்டியது. ஓரிடத்தில் விரலை வைத்தார். "இந்த ஆற்றங்கரைத் தெருவில் நான் இரண்டு வருஷம் குடியிருந்தேன். இதன் ஒற்றைப்படை நம்பர்களையும் இரட்டைப்படை நம்பர்களையும் வேறுவேறு தொகுதியில் காட்டியிருக்கிறீர்கள். ஒரே தெருவை நடுவில் எப்படிப் பிளப்பார்கள்? இது தப்பு."

எனக்கே உரிய அந்தக் கோபம் வந்து காப்பாற்றியது. நோட்டைப் புரட்டி அந்தத் தெருவின் பக்கத்தை எடுத்தேன். தொகுதி எல்லைகளை வகுத்த ரஷ்ய அரசாணையின் அச்சை அதன் பக்கத்தில் வைத்தேன். ஒற்றைப்படை ஓரிடம், இரட்டைப்படை வேறிடம் என்று அதில் தெளிவாக இருந்தது.

"பிளப்பார்கள், சார். என் தெருவையும் அப்படித்தான் பிளந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் வேறு வார்டு. நான்தான் அவருக்கு ஃபாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள்."

பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. "சரியாக்கும் மேடம் சொல்லுதது! என் வீட்டுக்கும் அதான் நடந்திச்சு!" டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசாணையைப் படித்தார். மாட்டிக்கொண்டு இன்னொருதடவை படித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் அங்கே குடியிருந்தவன். எனக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

கைதட்டல் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் கணவர் எழுந்து நின்று, விசில் அடிக்கத் தெரியாமல் அடித்தார். நான் ஜெயித்துவிட்டேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, வரவும் வேண்டாம். ஜெயித்தேன். என்னோடு அந்தப் பிடிவாதக்காரத் தெருக்களும் ஜெயித்தன. பத்து வருஷம் பெயர்கூட இல்லாமல் கிடந்தவர்கள், மனம் மாறிவிட்டார்கள் என்று நானே பழிபோட்ட ஜனங்கள், கரமனைக்காரர்களின் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்து அண்ணாச்சியின் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தபோது எக்ஸாமினர் என்னிடம் வந்தார். அந்த வரைபடத்தின் ஒரு பிரதியைத் தான் எடுத்துப்போகலாமா, தன் மாணவர்களுக்குக் காட்டவேண்டும் என்றார். குரலில் தயக்கம் இருந்தது. இரண்டு பிரதி கொண்டுவந்திருந்தேன். ஒன்றைச் சுருட்டி ரப்பர் போட்டு நீட்டினேன். அவர் கை நீட்டியதும் என் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம், சார். பி.எல்.ஓ. எந்தக் காகிதத்தையும் கையெழுத்து வாங்காமல் கொடுப்பதில்லை."

நோட்டில் அவருடைய ஆற்றங்கரைத் தெருவின் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். அவர் முதன்முதலாகச் சிரித்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். தான் குடியிருந்த வீட்டு நம்பரைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே 'பெற்றுக்கொண்டேன்' என்று ரஷ்யமொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.